மாரக்காள் கொடுத்த மாத்திரை

ராசிபுரத்திலிருந்து ஆத்தூருக்குப் போகும் சாலையில், நாமகிரிப்பேட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் அந்தக் காலத்தில் ஒரு நாற்றம் வரும். பஸ்ஸில் இருப்பவர்கள் துண்டையோ முந்தானையையோ மூக்கில் வைத்துக்கொள்வார்கள். மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பாலெடுத்து ஜவ்வரிசி செய்த பிறகு மிஞ்சும் தண்ணீர் ஆலைக்குப் பின்னால் குட்டையில் தேங்கிப் புளித்துக் கிடக்கும். அங்கே ஒரு சேகோ ஆலையில் நான் பதினோரு வருஷம் எடைமேடைக் குமாஸ்தாவாக இருந்தேன். குட்டை நாற்றம் பத்து நாளில் பழகிவிடும். அங்கே நடந்த வேறொன்று இன்றுவரை எனக்குப் பழகவில்லை. அதைச் சொல்வதென்றால் மாரக்காளைப் பற்றித்தான் சொல்லவேண்டும்.

மாரக்காள் அந்த ஆலையில் பெண்களுக்கு மேஸ்திரி. கிழங்குத் தோல் சீவுகிறவர்கள், பால் தொட்டியில் மாவு அள்ளுகிறவர்கள், களத்தில் காயப்போடுகிறவர்கள் எல்லாம் சேர்த்து முப்பத்திரண்டு பேர் அவளுடைய பொறுப்பு. கிணறு வெட்டும்போது கல் சரிந்து புருஷன் செத்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. அந்த மாதமே சீவுகத்தியோடு ஆலைக்குள் வந்தவள், பதினாறு வருஷம் கழித்து மேஸ்திரி ஆனாள். ஒரே மகன் மேட்டூரில் மூட்டை தூக்கினான். ஆள் நெட்டை, எலும்பு. குரல் மட்டும் பெரியது. பெண்கள் அவளுக்குப் பயந்தார்கள். ஆனால் உடம்புக்கு ஒன்று என்றால் அவளிடம்தான் வந்து சொல்வார்கள். அவள் சொன்னால் கேட்பார்கள்.

முதலாளிக்கு ஒரு நம்பிக்கை உண்டு. தூரமான பெண் பால் தொட்டிப் பக்கம் வந்தால் மாவு அடியில் படியாது, மஞ்சளடித்துப் புளித்துப்போகும் என்பார். அதனால் மாதத்தில் மூன்று நாள் அவர்கள் கேட்டைத் தாண்டக்கூடாது. அந்த மூன்று நாளுக்குக் கூலியும் கிடையாது. கிழங்கு வரத்துக் குறைந்த மாதங்களில் இது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. கார்த்திகை பிறந்து லாரி லாரியாகக் கிழங்கு வந்து இறங்கும்போதுதான் தொல்லை. பிடுங்கிய கிழங்கு இரண்டு நாளைக்கு மேல் தாங்காது, உள்ளே கறுத்துவிடும். அந்த நேரம் பார்த்து தினமும் மூன்று நான்கு பேர் வராமல் இருப்பார்கள்.

1981 கார்த்திகையில் மேனேஜர் வெங்கடாசலத்துக்கு ஒரு யோசனை வந்தது. அவருடைய கொழுந்தியாள் கல்யாணத்தின்போது, வீட்டுப் பெண்கள் தூரமாகி ஒதுங்கிவிடக்கூடாது என்று டாக்டரிடம் கேட்டுத் தேதி தள்ளிப்போடும் மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அந்த மாத்திரையின் பெயரை அவர் மறக்கவில்லை. சேலத்தில் தெரிந்தவர் ஒருவரின் மருந்துக்கடையில் சீட்டு எதுவும் இல்லாமல் பெட்டியாக வாங்கி வந்தார். மாரக்காளை ஆபீஸுக்குக் கூப்பிட்டு, ஒரு பிஸ்கட் டப்பாவில் கொட்டிக் கொடுத்தார். எடைச்சீட்டு எழுதிக்கொண்டு நானும் அங்கே இருந்தேன்.

"காலைல டீயோட ஒண்ணு, சாயங்காலம் டீயோட ஒண்ணு. எல்லாத்துக்கும் குடுத்துரு. தூரமே வராது. அவளுகளுக்கும் மூணு நாள் கூலி மிச்சம்."

"உடம்புக்கு ஒண்ணும் பண்ணாதுங்களா?"

"எங்க ஊட்டுப் பொம்பளைங்களே முழுங்குனாங்க. அவங்களுக்குப் பண்ணாதது உங்களுக்குப் பண்ணிருமா?"

அவருடைய வீட்டுப் பெண்கள் அதை முழுங்கியது ஆறு நாள். அதை அவர் சொல்லவில்லை. எத்தனை நாள் முழுங்கினார்கள் என்று அவளும் கேட்கவில்லை.

தான் முழுங்காமல் மற்றவர்களுக்குக் கொடுப்பது சரியில்லை என்று முதல் இரண்டு நாள் மாரக்காளும் முழுங்கினாள். மூன்றாம் நாள் காலையில் குடல் பிடுங்கிக்கொண்டு வருவதுபோல வாந்தி. மார் கனத்து வலித்தது. ரவிக்கை பட்டாலே தாங்கவில்லை. மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். "உனக்கு ஒத்துக்கலேன்னா விட்டுரு. நீ தொட்டிப் பக்கம் போறவ இல்லையே" என்றார். அவள் விட்டுவிட்டாள். ஆனால் கொடுப்பதை விடவில்லை. பிற்பாடு என்னிடம் இதைச் சொல்லும்போது, "எனக்கு ஒத்துக்காதது அவுங்களுக்கு எப்படி ஒத்துக்கும்னு அன்னிக்கே தோணுச்சுங்க. தோணுனத அப்படியே முழுங்கிட்டேன்" என்றாள்.

காலையில் டீ கிளாஸை நீட்டும்போதே உள்ளங்கையில் மாத்திரையையும் வைப்பாள். சிலர் வாயில் ஒதுக்கிவைத்துத் துப்புகிறார்கள் என்று மேனேஜருக்குச் சந்தேகம் வந்தது. அதற்குப் பிறகு முழுங்கினவர்களை நாக்கை நீட்டிக் காட்டச் சொன்னாள். கல்யாணமாகிப் பேரன் எடுத்தவள்கூட வரிசையில் நின்று நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுப் போவாள். நான் எடைமேடை ஜன்னலிலிருந்து தினமும் பார்ப்பேன். பார்த்துவிட்டு அடுத்த லாரிக்குச் சீட்டு எழுதுவேன்.

முதலில் பெண்களுக்குச் சந்தோஷம்தான். மூன்று நாள் கூலி போகவில்லை. துணி துவைத்து மறைத்துக் காயப்போடும் வேலையும் இல்லை. இரண்டு மூன்று வாரத்தில் ஒவ்வொருத்தியாக வந்து சொல்ல ஆரம்பித்தார்கள். தலைவலி என்றாள் ஒருத்தி. கால் வீங்குகிறது என்றாள் இன்னொருத்தி. நாள் தவறாமல் சொட்டுச் சொட்டாகப் படுகிறது என்று இரண்டு பேர் காதோடு சொன்னார்கள். "சூடு. மோர் குடி" என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள் மாரக்காள்.

அந்த வருஷம் பொங்கலுக்கு ஆலை ஐந்து நாள் மூடியிருந்தது. மாத்திரை டப்பா ஆபீஸ் பீரோவில் இருந்தது. போகியன்று கடைசி மாத்திரை. மாட்டுப் பொங்கலன்று விடியும்போது ஒருத்தி, வெயில் ஏறும்போது பத்துப் பேர், மதியத்துக்குள் கிட்டத்தட்ட எல்லோருக்குமே வந்துவிட்டது. பாதிப் பேர் ஒரே ஊர்க்காரிகள். அந்த ஊரில் தூரமானால் ஊருக்கு வெளியே ஒரு சின்னக் குடிசையில்தான் இருக்கவேண்டும். நான்கு பேர் படுக்கிற இடத்தில் பதினேழு பேர். இடம் கொள்ளாதவர்கள் வெளியே வேலமரத்து நிழலில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பலருக்கு வாழ்நாளில் அப்படி உதிரம் போனதில்லை. நிறுத்திவைத்திருந்த இரண்டு மாதத்தையும் உடம்பு ஒரே நாளில் தள்ளிவிட்டதுபோல இருந்தது. துணி போதாமல் பழைய சாக்கைக் கிழித்தார்கள். ஊருக்குள் பொங்கல் வைக்க ஆளில்லை. ஆண்கள் திட்டிக்கொண்டே அடுப்புப் பற்றவைத்தார்கள். சாலையில் போனவர்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். ராசிபுரத்துக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த நானும் பார்த்தேன். விஷயம் தெரிந்தவன் என்பதால் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது என் பல்லே எனக்குப் பிடிக்கவில்லை.

மாரக்காள் ஒரு குண்டாவில் பொங்கல் எடுத்துக்கொண்டு அங்கே போனாள். பெருமாயி என்று ஒருத்தி, தோல் சீவுவதில் கைவேகக்காரி, வாயும் அப்படித்தான். அவள் சொன்னாள்: "பட்டியில இருக்கற மாடெல்லாம் இன்னிக்குக் குளிச்சுப் பொட்டு வெச்சுட்டு நிக்குது. நம்மளப் பட்டியில அடச்சுட்டாங்க." பிறகு மாரக்காளை ஏற இறங்கப் பார்த்து, "உனக்கு வரலியாக்கா?" என்று கேட்டாள்.

"எனக்கு வயசாயிருச்சு சாமி. நின்னு போச்சு" என்றாள் மாரக்காள். அது பொய். அவளுக்கு அப்போது நாற்பத்திரண்டு. மாதம் தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தது.

ஆலை திறந்ததும் டப்பாவும் திறந்தது. பங்குனியில் கிழங்கு வரத்துக் குறைந்தபோது தோல் சீவுகிறவர்களுக்கும் களத்துப் பெண்களுக்கும் நிறுத்தினார்கள், அடுத்த கார்த்திகையில் மறுபடி ஆரம்பித்தார்கள். தொட்டியில் இறங்கி மாவு அள்ளும் எட்டுப் பேருக்கு மட்டும் நிறுத்தவில்லை. பழகின கைகள், வருஷம் முழுவதும் வேண்டும் என்றார் மேனேஜர்.

அந்த எட்டுப் பேரில் ஒருத்தி குப்பாயி. மங்களபுரம் பக்கத்துப் பெண். இருபத்தொரு வயது. முந்தைய ஆவணியில்தான் ராசிபுரத்தில் தறி ஓட்டும் சரவணமுத்துவுக்குக் கல்யாணம் செய்து கொடுத்திருந்தார்கள். மாமியார்தான் அவளை ஆலைக்கு அனுப்பினாள். அதிகம் பேசமாட்டாள். இடுப்பளவு தொட்டிக்குள் இறங்கி நிற்கும்போது மாவு படிந்து வெள்ளைக் கல்லில் செதுக்கியவள்போல இருப்பாள். அந்த வருஷம் ஆடியில் ஒருநாள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அக்கா, ஊட்டுல குழந்தை குழந்தைன்னு கேக்கறாங்க. இது அதுக்கு ஒண்ணும் பண்ணாதுல்ல?"

"அது வேற, இது வேற. இது தேதிய மட்டும்தான் தள்ளும். முழுங்கு" என்றாள் மாரக்காள்.

எங்கிருந்து அந்தப் பதில் தன் வாய்க்கு வந்தது என்று அவளுக்கே தெரியாது. யாரும் அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. மேஸ்திரி என்றால் பதில் இருக்கவேண்டும் என்ற பழக்கம்தான். குப்பாயி முழுங்கினாள், நாக்கை நீட்டிக் காட்டினாள், தொட்டிக்குள் இறங்கினாள்.

1983 தையில் குப்பாயி வேலைக்கு வரவில்லை. ஒன்றரை வருஷமாகியும் வயிறு திறக்கவில்லை என்று மாமியார் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். மாரக்காளுக்கு வருத்தமாக இருந்தது. அதற்குமேல் அவள் எதையும் யோசிக்கவில்லை. அவளுக்கே அப்போது உடம்பு சரியில்லை. மூன்று மாதமாக உதிரப்போக்கு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்து, ஒருநாள் எடைமேடைக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தாள். நான்தான் தண்ணீர் தெளித்தேன். மாசியில் மகன் வந்து சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

அங்கே தெய்வநாயகி என்று ஒரு டாக்டரம்மா. மாரக்காளை உடனே விட்டுவிடவில்லை. ரத்தம் பார்த்தார், அழுத்தம் பார்த்தார், உள்ளே பரிசோதித்துச் சதைத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். பத்து நாள் கழித்து, புற்று ஏதும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மருந்து எழுத உட்கார்ந்தார். எழுதுவதற்கு முன்னால் வரிசையாகக் கேள்விகள். எப்போதாவது மஞ்சள் காமாலை வந்ததா? கால் நரம்பு வீங்கி வலித்ததுண்டா? மாரில் கட்டி இருக்கிறதா? குளிக்காமல் நாள் தள்ளியிருக்கிறதா? மாரக்காள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். நர்ஸ் மாத்திரை அட்டையை மேஜையில் வைத்தாள்.

மாரக்காள் அதைப் பார்த்தாள். அதே அட்டை. அதே நிறத்தில் அதே எழுத்து. ஒன்றேகால் வருஷமாகத் தினமும் கிழித்துக் கிழித்து டப்பாவில் போட்டது.

"இது தேதி தள்ளிப்போடற மாத்திரைங்களே" என்றாள்.

டாக்டரம்மா நிமிர்ந்தார். "அதுக்கும் குடுக்கறதுண்டு. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மாரக்காள் அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "இது என்ன மருந்துங்க?" என்று கேட்டாள்.

"பொம்பளைங்க உடம்புல தானா ஊறுற ஒரு சுரப்பு இருக்கும்மா. ஹார்மோன்னு சொல்லுவோம். கர்ப்பப்பையை அதுதான் பதமா வெச்சிருக்கும். அதே வேலையைச் செய்யற மாதிரி கம்பெனியில தயார் பண்ணினது இது. உங்களை மாதிரி கண்டபடி ரத்தம் போறவங்களுக்குக் கொஞ்ச நாள் குடுத்தா நிக்கும். இன்னும் குறைஞ்ச அளவுல வேற மருந்தோட சேர்த்தா கர்ப்பத்தடை மாத்திரை."

"கர்ப்பத்தடைன்னா?"

"குழந்தை உண்டாகாம இருக்க. இந்த அளவுலயே தினமும் முழுங்கினாலும் உண்டாகாது. முட்டையே வெளிய வராது. அதனாலதான் பத்து நாளைக்குன்னு எழுதியிருக்கேன். பத்து நாள் முடிஞ்சா நிறுத்திட்டு வந்து காட்டணும். நல்லாருக்குதேன்னு பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒண்ணு குடுத்துடாதீங்க. நான் கேட்ட கேள்வியெல்லாம் கேக்காம இதை யாருக்கும் குடுக்கக் கூடாது."

மாரக்காள் எழுந்து வெளியே போனாள். வராந்தாவில் மகன் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து விரல் மடித்துப் பெயர் பெயராக எண்ணினாள். பிறகு உள்ளே போய் எல்லாவற்றையும் டாக்டரம்மாவிடம் சொன்னாள். டாக்டரம்மா பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "எத்தனை பேர்?" என்று மட்டும் கேட்டார். "முப்பத்திரண்டு" என்றாள். "அதுல தொடர்ந்து முழுங்கினவங்க எட்டு."

அந்த எட்டுப் பேரையும் கூட்டிவரச் சொன்னார் டாக்டரம்மா. நிறுத்தினால் சில மாதத்தில் உடம்பு பழையபடி திரும்பும், பயப்படவேண்டாம், ஆனால் கால் வீக்கம் உள்ளவளை உடனே பார்க்கவேண்டும் என்றார். தன் மேலதிகாரிக்கும் எழுதினார். ஒரு மாதம் கழித்து விசாரிக்க யாரோ ஒருவர் ஜீப்பில் வந்து, ஆபீஸில் காப்பி குடித்து, ஒரு மூட்டை ஜவ்வரிசியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். எடை போட்டது நான்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள் காலையில் மாரக்காள் டப்பாவை எடுத்துக்கொண்டு நேராக ஆபீஸுக்கு வந்தாள். முதலாளியும் அன்றைக்கு இருந்தார். டப்பாவை மேஜைமேல் வைத்தாள்.

"இது கர்ப்பத்தடை மாத்திரைங்க. டாக்டரம்மா சொன்னாங்க. இனிமே நான் குடுக்க மாட்டேன்."

வெங்கடாசலம் சிரித்தார். "நான் எங்க குடுத்தேன்? குடுத்தது நீ. உன்ற கையால. நாக்கை நீட்டச் சொல்லிப் பாத்ததும் நீ. எவளையாவது கேட்டுப் பாரு, யார் பேரைச் சொல்றாள்னு."

அவள் முதலாளியைப் பார்த்தாள். "குப்பாயிய வாழாவெட்டியா அனுப்பிட்டாங்க சாமி. தூரம் தள்ளறதுக்குக் குடுத்தது குழந்தையத் தள்ளிருச்சு."

முதலாளி கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டார். "பொம்பளைங்க தூரம், தீட்டு இதெல்லாம் ஆபீஸ்ல வெச்சுப் பேசற பேச்சா? காலங்காத்தால சாமி கும்பிட்டு வந்து உக்காந்திருக்கேன். வெங்கடாசலம், இவளை வெளிய அனுப்பு." அவருக்குப் பின்னால் ஜன்னல் திறந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே குட்டை நுரைத்துக்கொண்டிருந்தது. அந்த நாற்றம் அவருக்கு ஒருநாளும் உறைத்ததில்லை.

அவள் என்னையும் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மாரக்காள் கேட்டுக்கு வெளியே போய் நின்று, உள்ளே வந்துகொண்டிருந்த பெண்களை நிறுத்திச் சொன்னாள். தான் இரண்டு நாள் மட்டும் முழுங்கிவிட்டு நிறுத்தியதையும், வயசாகி நின்றுவிட்டது என்று சொன்னது பொய் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். யாரும் அவளை அடிக்கவில்லை. கால் வீங்கினவள் மட்டும் அவள் காலடியில் காறித் துப்பிவிட்டு உள்ளே போனாள். இரண்டு பேர், "அப்போ மூணு நாள் கூலிய நீ குடுப்பியா?" என்று கேட்டார்கள். அன்றைக்கே அவளுக்கு வேலை போயிற்று.

ஆனால் அன்றிலிருந்து யாரும் மாத்திரை முழுங்கவில்லை. வெங்கடாசலம் தானே டப்பாவை எடுத்துக்கொண்டு வரிசைக்கு முன்னால் நின்றார். முதல் ஆளாக நின்ற பெருமாயி கையை நீட்டவில்லை. "நீங்க ஒண்ணு முழுங்கி நாக்கை நீட்டுங்க, நாங்க முழுங்கறோம்" என்றாள். அவளைத் துரத்திவிடலாம், ஆனால் மூன்று லாரிக் கிழங்கு வெயிலில் நின்றுகொண்டிருந்தது. மேனேஜர் டப்பாவை மூடினார்.

அடுத்த வாரம் பெருமாயி இன்னொன்று செய்தாள். தூரமான அன்றே குளித்துவிட்டு, பூ வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தாள். குப்பாயியின் இடம் காலியாக இருந்ததால் அவளைத் தொட்டிக்கு அனுப்பினார்கள். நாள் முழுக்கத் தொட்டியில் நின்று மாவு அள்ளினாள். மறுநாள் காலையில் மேனேஜர் தொட்டியைப் பார்த்து, "நல்லாப் படிஞ்சிருக்கு, வெள்ளை வெளேர்னு" என்றார். பெருமாயி அங்கேயே சொன்னாள்: "நேத்து எனக்கு முத நாளுங்க." மேனேஜர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். கையிலிருந்த மாவை உதறி, வேட்டியில் துடைத்து, மறுபடி துடைத்தார். அந்தத் தொட்டி மாவைக் கொட்டிவிடச் சொன்னாரா என்றால் இல்லை. ஜவ்வரிசியாகி, மூட்டையாகி, லாரி ஏறிப் போனது. முதலாளியிடம் அவர் சொல்லவும் இல்லை. அதற்குப் பிறகு யாருக்கு எப்போது என்று எந்தப் பெண்ணும் வெளியே சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. மூன்று நாள் வழக்கம் அப்படியே போய்விட்டது.

வேலை போன மூன்றாம் நாள் மாரக்காள் மங்களபுரம் பக்கம் குப்பாயியின் தாய்வீட்டுக்குப் போனாள். குப்பாயி வாசலில் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். மாரக்காள் உட்காராமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

குப்பாயி கடலை உடைப்பதை நிறுத்தவில்லை. அப்படியே கேட்டாள்: "நான் உன்னக் கேட்டனே, ஆடி மாசத்துல."

"கேட்ட சாமி."

"நீ தெரிஞ்சு சொன்னியா, தெரியாம சொன்னியா?"

"தெரியாமத்தான் சொன்னேன். தெரியாதுன்னு சொல்லியிருக்கோணும்."

"என்ற மாமியா என்னைய மலடின்னு சொல்லிச் சொல்லி, நானே என் வயித்தை அடிச்சுக்குவேன். தினமும் ராத்திரி." அவள் அழவில்லை. தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

டாக்டரம்மாவிடம் குப்பாயியைக் கூட்டிப்போனாள் மாரக்காள். உடம்பில் எந்தக் குறையும் இல்லை, மருந்தால்தான் குழந்தை தங்கவில்லை, இனித் தங்கும் என்று அவர் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை எடுத்துக்கொண்டு இருவரும் ராசிபுரம் போனார்கள். சரவணமுத்து தறியை நிறுத்தாமலே தாளை வாங்கிப் படித்தான். மாமியார் கதவோரம் நின்றாள்.

"மாத்திரை திங்கறேன்னு இவ எனக்குச் சொல்லிட்டுத்தான் இருந்தா" என்றான். "அது என்ன மாத்திரைன்னு ஆலைக்கு வந்து மேனேஜரைக் கேட்டேன். கொஞ்ச நாளைக்குக் குழந்தை வராது, வேலை தடைபடாதுன்னு சொன்னாரு. வர்ற கூலிய ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன். அம்மாதான் பேரன் வேணும்னு நின்னுச்சு. சித்திரையில வேற எடத்துல நாள் குறிச்சாச்சு."

அவன் அதைத் தண்ணீர் கேட்பதுபோலச் சொன்னான் என்று மாரக்காள் சொல்வாள். அவனுக்கும் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். தெரியாமல் இருந்தது முழுங்கினவளுக்கும் கொடுத்தவளுக்கும்தான். மாமியார், "சரி, வந்தது வந்துட்ட, உள்ள வா. தண்ணி குடி" என்றாள். குப்பாயி தாளை அவன் கையிலிருந்து வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இந்த ஊட்டுத் தண்ணி எனக்கு வேண்டாம்" என்றாள். தாலிக்கொடியைக் கழற்றித் தறிக்கட்டையில் மாட்டினாள். இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். மங்களபுரம் பஸ் வந்ததும் மாரக்காளும் ஏறப்போனாள். "நீ அடுத்த பஸ்ஸுல வா" என்று சொல்லிவிட்டுக் குப்பாயி ஏறிக்கொண்டாள்.

வெங்கடாசலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வருஷத்தில் ஆத்தூர் பக்கம் இதைவிடப் பெரிய ஆலைக்கு மேனேஜராகப் போனார். வழியனுப்பு விழாவில் மாலை போட்டு போட்டோ எடுத்தார்கள். மூன்றாவது வரிசையில் நானும் நிற்கிறேன்.

மாரக்காள் அதற்குப் பிறகு எந்த ஆலைக்கும் போகவில்லை. கிழங்கு பிடுங்கும் கூலி ஆட்களோடு காடு காடாகப் போனாள். பத்து நாள் மாத்திரையில் அவளுக்குப் போக்கு நின்றது. நாற்பத்தேழில் மாதவிடாயும் அடியோடு நின்றது. அந்த மருந்து நல்ல மருந்து என்பாள். அதைச் சொல்லும்போதே முகம் சுளிப்பாள்.

குப்பாயியை 1985இல் திருச்செங்கோட்டில் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் லாரியில் டிரைவர். முதல் மனைவி இறந்தவர். அடுத்த வருஷம் பெண் குழந்தை பிறந்தது. கேள்விப்பட்டதும் மாரக்காள் ஒரு சின்னச் சட்டையும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். குப்பாயி வாசலுக்கு வந்து, "வாங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை. இலை போட்டுச் சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றும் கேட்டாள். சட்டையை வாங்கி அலமாரியில் வைத்தாள். குழந்தை தொட்டிலில் முழித்துக் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. கை கழுவிவிட்டு வந்த மாரக்காள் தொட்டில் பக்கம் போனாள்.

"தொடாதீங்க" என்றாள் குப்பாயி. குரலை உயர்த்தவில்லை.

மாரக்காள் கையை இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தாள். பிறகு "வாரேன் சாமி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

இதை அவள் எனக்குச் சொன்னது 1988இல், நாமகிரிப்பேட்டைச் சந்தையில். நான் அப்போது ஆலையை விட்டிருந்தேன். "அவ்வளவு தூரம் போனவளை இப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்" என்று ஏதோ ஆறுதலுக்குச் சொன்னேன்.

மாரக்காளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க ஜன்னல்ல இருந்து பாத்தவரு, அப்படித்தான் பேசுவீங்க" என்றாள். "நானா இருந்தா சோறே போட்டிருக்க மாட்டேன்."

பிறகு தக்காளி விற்றுக்கொண்டிருந்தவளிடம் திரும்பி விலை கேட்க ஆரம்பித்தாள்.